செம்மொழிச் சாலை வழியே

காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்று திரும்பியவர்கள் யாத்திரைக் கட்டுரை எழுதுவார்கள். கங்கையின் புனிதத்தையும் கடலின் மகிமையையும் பத்தி பத்தியாக வருணிப்பார்கள். நாம் சென்றதோ வேளச்சேரியிலிருந்து பெரும்பாக்கம் வரை. ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். கோபுரம் தரிசிக்கவில்லை, தீர்த்தம் ஆடவில்லை. சென்னை மாநகரின் தெற்கு விளிம்பில், நாளுக்கு நாள் வளர்ந்துவரும் புறநகர்ச் சாலையில், தோழியின் புதுக் காரில் சென்று வந்தோம். அவ்வளவுதான். ஆயினும் எழுதுகிறோம். கல்லூரியில் மூன்றாண்டு கலை பயின்றும் கிட்டாத பாடம் ஒன்று அந்தப் பத்துக் கிலோமீட்டரில் கிட்டிற்று. அதில் நம் குற்றமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது.

அடையாற்றங்கரையை அடுத்த பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை நாம். நம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். சன்னல் ஓரம், மூன்றாம் வரிசை. ‘என் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னோம். மற்றவர்கள் பச்சை வயலையும் பாடும் குயிலையும் எழுதினர்; சென்னையில் பிறந்த பிள்ளைகள் வயலை எங்கே கண்டார்களோ! இவள் மட்டும் எழுதினாள், தன் ஊர் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதி என்று. ஆறு நாற்றம் வீசும் என்று. மழை பெய்தால் அம்மா இரவெல்லாம் உறங்கமாட்டாள் என்று. ஆனாலும் பள்ளி அருகில் இருப்பதால் அந்த ஊர் தனக்குப் பிடிக்கும் என்று. கட்டுரை முடியவில்லை, மணி அடித்துவிட்டது. “மீதியை நாளை எழுது” என்றோம். சிவப்பு மையால் ‘நன்று’ என்று குறித்துக் கொடுத்தோம்.

அந்த நவம்பரில் ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. மூன்று வாரம் அவள் அங்கிருந்தே பள்ளிக்கு வந்தாள். இரண்டு பேருந்து மாறி, விடியுமுன் புறப்பட்டு, முதல் பாடம் முடியும் வேளையில் வந்து வாயிலில் நின்றாள். “ஏன் தாமதம்?” என்று கேட்டோம். தலை குனிந்தாள். மறுநாளும் கேட்டோம். பிறகு அவள் வரவில்லை. சனவரியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். தொடர்ந்து வராதோர் பெயர்களின்மேல் கோடு இழுத்தோம். ‘நன்று’ என்று எழுதிய அதே சிவப்பு மையால் அவள் பெயரையும் அடித்தோம். கை நடுங்கவில்லை. அலுவல் முடிந்தது என்ற நிம்மதிகூட இருந்தது.

பிப்ரவரியில் அலமாரியை ஒழுங்கு செய்தபோது பாதிக் கட்டுரையோடு அந்த நோட்டுப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. ‘பள்ளி அருகில் இருப்பதால்...’ என்று நின்ற வரி நம்மை நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. தலைமையாசிரியரிடம் பேசி மாற்றுச் சான்றிதழை வாங்கினோம். அவள் தாயின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தோம். “சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வருகிறோம், பெண்ணை இருக்கச் சொல்லுங்கள்” என்றோம். வேளச்சேரியில் வாழும் தோழி, தன் புதுக் காரில் அழைத்துச் செல்வதாகச் சொன்னாள்.

★

சனிக்கிழமை காலை. வண்டி வாசலில் மாலையும் சந்தனமுமாக, மணமகன்போல நின்றது. நாம் ஏறப் போனோம். தோழியின் தாயார் தடுத்தார்.

“ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்மா. புது வண்டி, பொம்பளப் பிள்ளைங்க ஓட்டிட்டுப் போறீங்க. காப்பி குடிச்சிட்டு நல்ல நேரத்துல கிளம்புங்க.”

இராகு என்று வானத்தில் ஒரு கோள் இல்லை. நிலவின் பாதையும் கதிரவனின் தோற்றப் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. பகலை எட்டாகக் கூறுபோட்டு, கிழமைக்கு ஒரு கூற்றை அந்தப் புள்ளிக்கு எழுதிவைத்தனர். புள்ளிக்கு வாய் இல்லை. விழுங்குவதற்கு வயிறும் இல்லை. இதையெல்லாம் மாணவர்க்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறோம்! மேடையிலும் பேசியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். அன்று? அன்று நாம் வாய் திறக்கவில்லை. வண்டி அவர்களுடையது, வயதில் மூத்தவர், அன்பாகச் சொல்கிறார் என்று நமக்கு நாமே நியாயம் கூறிக்கொண்டு காப்பி குடித்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் பலமுறை புறப்பட்டிருக்கும். நகரப் பேருந்துகள் எத்தனையோ சென்றிருக்கும். அவற்றின் சக்கரங்களைத் தடுக்காத இராகு, நம் கால்களைக் கட்டிப்போட்டான்.

பத்தரை கடந்து ஒரு நிமிடம். நான்கு சக்கரத்தின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்தது, பழங்கள் நசுங்கின. வெயிலில் வருபவனுக்கு நான்கு குவளை சாறாகியிருக்க வேண்டியவை தார்ச்சாலைக்கு அபிடேகமாயின. பயணம் தொடங்கிற்று.

★

வேளச்சேரி விசயநகரத்தைக் கடந்து தெற்கே திரும்பினோம். இருமருங்கும் கடைகள், மருத்துவமனைகள், அடுக்ககங்கள். ‘வாஸ்து முறைப்படி அமைந்த இல்லங்கள்’ என்று ஒரு பலகை. ‘ஏரியைக் கண்டு களிக்கலாம்’ என்று மற்றொன்று. ஏரியை இவர்கள் கண்டு களிக்கும் முன், ஏரி இவர்களைக் கண்டு கலங்கியிருக்கும்!

வாஸ்து என்ன சொல்கிறது? வடகிழக்கு மூலையில் நீர் இருந்தால் நலம் என்கிறது. நீர் என்ன செய்கிறது? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது. மூலை பார்ப்பதில்லை, முகூர்த்தம் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் அது வேளச்சேரி வீடுகளுக்குள் புகுந்தபோது வாஸ்து பார்த்த வீடு, பாராத வீடு என்று பிரித்துப் பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, இதே வேளச்சேரியில், ஐந்து பர்லாங் சாலையருகே கட்டடத்துக்காகத் தோண்டப்பட்ட பெரும்பள்ளத்தில் இரு தொழிலாளர் சிக்கி மாண்டனர். நாள்கள் சில கழிந்த பின்பே உடல்கள் கிடைத்தன. அதையும் விதி என்றவர் உண்டு. பள்ளத்தைத் தோண்டியது விதியா? நீர் ஓடும் நிலத்தில் அதைத் தோண்டச் சொன்னது எந்தக் கிரகம்?

சற்றுத் தொலைவில் கட்டடங்கள் விலகின. காற்று மாறிற்று. சாலையின் இருபுறமும் கோரையும் நீருமாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு விரிந்தது. தோழி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். கூழைக்கடாக்கள் மிதந்தன. நாமக்கோழிகள் கூட்டமாக நீந்தின. கறுத்த உடல், நெற்றியில் வெள்ளை; அதனால் அப்பெயர். நெற்றியில் குறி இருந்தும், அந்த வெள்ளைக் குறியில்லாத நீலத் தாழைக்கோழியைத் தள்ளி நில் என்று அது சொல்லவில்லை. இரண்டும் ஒரே நீரில் இரை தேடின. பறவைக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரியவில்லையே என்று சிரித்தோம்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கிழக்கே, பெருங்குடிப் பக்கம், மாநகரம் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டிய இடம். அண்மை ஆண்டுகளில் அக்குப்பை மலையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடந்துவருகிறது, நல்லது. ஆனால் மாநகரின் குப்பையைக் கொட்ட மாநகரின் நீர்த்தொட்டிதானா கிடைத்தது?

நீர்த்தொட்டி என்று சொன்னது அணிக்காக அன்று. தென்சென்னையின் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் நிரம்பி வழிந்து, ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி, இந்தச் சதுப்பில் வந்து சேர்கிறது. சதுப்பு அதை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். மிஞ்சியதை ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கடலுக்கும் மெல்ல அனுப்பும். யாகம் வளர்த்து அமைத்ததன்று. நிலத்தின் சரிவு அமைத்தது. 1965-இல் ஏறத்தாழ 5,500 எக்டேர் இருந்தது என்பர் ஆய்வாளர். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறியபோது அதன் பரப்பு 1,247 எக்டேர். மீதி எங்கே? நாம் வந்த சாலையைக் கேளுங்கள். சாலையோரத்து மாடிகளைக் கேளுங்கள். கண்ணாடி பதித்த அலுவலகங்களைக் கேளுங்கள். அங்கே இருக்கிறது மீதி.

இப்போது, தோழர்களே, ஒரு சொல்லை எண்ணிப் பாருங்கள்: ‘ஆக்கிரமிப்பு’.

ஆற்றங்கரையில் ஓலையும் தகரமும் கொண்டு, பத்துக்குப் பத்து அடியில் நம் மாணவியின் தாய் வாழ்ந்தாள். அவள் ஆக்கிரமிப்பாளர். சதுப்பின்மேல் மண் கொட்டி, மட்டம் செய்து, மாடமாளிகை எழுப்பியவர்? அவர் வளர்ச்சியாளர். அவள் வீட்டுக்கு இயந்திரம் வந்தது. இவர் வீட்டுக்குத் தார்ச்சாலை வந்தது, மின்சாரம் வந்தது, குடிநீர்க் குழாயும் வந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லியே அவளைப் போன்றோரைக் கரையிலிருந்து அகற்றினர். அகற்றிக் கொண்டுபோய் வைத்த இடம் எது? சதுப்பை அடுத்த தாழ்நிலம். 2023 டிசம்பரில் அந்தப் பெரும்பாக்கமும் நீரில் நின்றது. ஆற்று வெள்ளத்திலிருந்து காத்து ஏரி வெள்ளத்தில் இறக்கிவிட்ட கருணையை என்னென்பது!

★

மேடவாக்கம் வந்தது. பாலத்தின்மேல் ஏறும் வண்டிகள், கீழே நடப்பது எதையும் காணாமல் விரைந்தன. நாம் பாலத்தில் ஏறாமல், அடியில் நெரிசலில் ஊர்ந்து, இடப்புறம் சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் திரும்பினோம். பெயர்ப் பலகையைக் கண்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. ‘செம்மொழிச் சாலை’!

தமிழாசிரியைக்கு இதைவிட இனிய சாலை வேறெங்கே உண்டு? 2004-இல் நம் மொழி செம்மொழி என்று இந்திய அரசால் அறிவிக்கப்பட்டது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2022 முதல் இதே பெரும்பாக்கத்தில் தன் வளாகத்தில் இயங்குகிறது. சங்கப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் ஆராயப்படும் இடம். பெருமைதான், ஐயமில்லை. அந்தப் பெருமிதம் மாறாமலே அடுக்குமாடிகளை அடைந்தோம்.

ஏறத்தாழ இருபதாயிரம் வீடுகள். ஒன்றைப்போல் ஒன்று, வரிசை வரிசையாக, வானளாவ. சன்னலெல்லாம் துணி உலர்ந்தது. கீழே குடங்கள் வரிசையில் நின்றன. மின்தூக்கி நின்றிருந்தது, படியேறினோம். ஆறாம் மாடியில் கதவைத் தட்டும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பாட்டி ஒருவர் திறந்தார். பார்வை மங்கியவர். இடுப்பில் மூன்று வயதுப் பேரன்.

“டீச்சரம்மாவா? வாங்க தாயி. ஒம்பதரைக்கு வருவீங்கன்னு புள்ள தலை வாரி, பழைய யூனிபாரத்தப் போட்டுக்கிட்டு கீழேயே நின்னுச்சு. பத்தரை வரைக்கும் பாத்துச்சு. அவங்கம்மாவுக்கு வேலைக்கு நேரமாச்சு, கூடமாட ஒத்தாசைக்கு இதையும் கூட்டிட்டுப் போயிருச்சு. ‘டீச்சர் வரமாட்டாங்க ஆயா, அவங்களுக்கு எத்தினியோ பேரு’ன்னு சொல்லிட்டுப் போச்சு.”

பத்தரை வரை நின்றாளாம்! நாம் காப்பிக் குவளையைக் கையில் ஏந்தி, இல்லாத கோள் ஒன்று கடந்து போகக் காத்திருந்த அதே ஒன்றரை மணி நேரத்தில், அவள் வெயிலில் நின்று நம்மை எதிர்பார்த்திருக்கிறாள். இராகு நம்மை விழுங்கவில்லை, தோழர்களே. நம் மௌனம் அவளுடைய நம்பிக்கையை விழுங்கிற்று. மூடநம்பிக்கை என்றால் தீ மிதிப்பதும் அலகு குத்துவதும் மட்டுமே என்று நினைக்கிறோம். மரியாதை என்ற பெயரில் அதன் பக்கத்தில் அமர்ந்து காப்பி குடிப்பதும் அதற்குச் செய்யும் பூசையே.

“மாலை வரை இருப்போம்” என்றோம். தோழி மறுக்கவில்லை. அவள் முகமும் வாடியிருந்தது.

காத்திருந்தபோது பாட்டியிடம் கேட்டறிந்தோம். அருகிலேயே அரசுப் பள்ளி உண்டு. சென்று கேட்டார்களாம், மாற்றுச் சான்றிதழ் கொண்டு வா என்றார்களாம். பழைய பள்ளிக்கு வந்து வாங்க ஒருநாள் கூலி போகும். அந்தத் தாய் புது இடத்தில் அப்போதுதான் இரண்டு வீட்டில் வேலை பிடித்திருந்தாள். விடுப்பு எடுத்தால் வேலையும் போகும். பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை, 2021 முதல் அந்த நன்மை உண்டு. கட்டணத்தை அரசு ஏற்றது. தொலைவை யார் ஏற்பது? போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பதின்மூன்று வயதுச் சிறுமியின் நாளில் நான்கு மணி நேரத்தைச் சாலை தின்றது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற தேவை மீதியைத் தின்றது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் என்ன கூறுகிறது? ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது. சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆறாம் மாடியில் யாருக்கும் அது தெரியவில்லை. தெரிந்திருந்த நாமும் சொல்லவில்லை. கோடு இழுத்தோம்!

நான்கு மணிக்கு அவள் வந்தாள். பள்ளிச் சீருடையில் பாத்திரம் துலக்கிய ஈரம் இருந்தது. நம்மைக் கண்டதும் ஓடிவரவில்லை, வாசலிலேயே நின்றாள். முதற்கேள்வி அவளுடையது.

“டீச்சர், என் பேர அடிச்சிட்டீங்களா?”

எத்தனையோ வினாத்தாள் தயாரித்தவர் நாம். அந்த ஒரு வினாவுக்கு விடை எழுத முடியவில்லை. “அடித்துவிட்டோம், தவறு” என்றோம். சான்றிதழையும் நோட்டுப் புத்தகத்தையும் நீட்டினோம். பாதியில் நின்ற பக்கத்தைத் திறந்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “இப்ப ஊர் மாறிடுச்சே டீச்சர், தலைப்ப மாத்தணுமா?” என்று கேட்டாள்.

“தலைப்பு அதுவே இருக்கட்டும். ஊரை நீயே எழுது” என்றோம்.

செம்மொழிச் சாலையில், சங்கத் தமிழ் ஆராயப்படும் வளாகம் இருக்கும் அதே ஊரில், ஒரு தமிழ்ச் சிறுமியின் தமிழ்க் கட்டுரை மூன்று மாதம் முற்றுப்புள்ளி இல்லாமல் கிடந்தது. நிறுவனத்தின்மீது குறையில்லை, அது தன் பணியைச் செய்கிறது. குறை நம்மீது. மொழிக்குச் சிறப்புத் தேடினோம். அம்மொழியை எழுதும் பிஞ்சுக் கை பாத்திரம் துலக்கப் போவதைப் பாராமல் இருந்தோம்.

★

திங்களன்று ஒருநாள் விடுப்பெடுத்துப் பேருந்தில் சென்றோம். புறப்பட்ட வேளை என்ன காலமோ, நாம் பார்க்கவில்லை. அவள் தாயோடு சென்று அருகிலிருந்த பள்ளியில் சேர்த்தோம். சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை, சான்றிதழ் கையில் இருந்தது. தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தோம். இரண்டு மணி நேர வேலை. இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஒரு குழந்தை மூன்று மாதம் விலை கொடுத்தாள்.

அவள் ஒருத்திக்கு முடிந்தது. மற்றவர்க்கு?

1970-இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது எழுந்த கனவு, ஏழைக்கு அவன் வாழ்ந்த இடத்திலேயே மாடி வீடு என்பது. அவ்வாறு நகரின் நடுவிலேயே பல குடியிருப்புகள் எழுந்தன. இன்றும் அவை நிற்கின்றன. 2000-க்குப் பிறகோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழையின் முகவரி நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. அன்று ஊருக்கு வெளியே சேரி இருந்தது. அதை ஒழிக்கவே நாம் பேசினோம். இன்று அதற்கு மின்தூக்கி வைத்து மாடி கட்டிவிட்டால் அது சேரியல்லாமல் போய்விடுமா?

ஆகவே கேட்கிறோம். ஏழையை இருந்த இடத்துக்கு அருகிலேயே குடியமர்த்துங்கள். அகற்றுவது தவிர்க்க முடியாததெனில், பள்ளி நடக்கும் மாதங்களில் எந்த வீட்டையும் இடிக்காதீர்கள். கோடை விடுமுறை இருக்கிறது. வீட்டுச் சாவியைக் கொடுக்கும் அதே நாளில், அதே மேசையில், பள்ளிச் சேர்க்கையையும் முடித்துக் கொடுங்கள். அரசிடம் கேட்பது இது.

இளந்தோழர்களிடம் கேட்பது வேறு. சனி, ஞாயிறுகளில் பத்துப் பேராகப் புறப்படுங்கள். அடுக்குமாடியின் ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். ‘பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா?’ என்று கேளுங்கள். இருந்தால் கைப்பிடித்து அழைத்துச் சென்று சேர்த்துவிட்டு வாருங்கள். சதுப்பை மூடுவோரையும், மக்களை விளிம்புக்குத் தள்ளுவோரையும் தட்டிக் கேட்கும் தலைமுறை அந்தப் பிள்ளைகளிடமிருந்தே எழும்.

எப்போது புறப்படுவது என்று கேட்கிறீர்களா? வருகிற சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு.

அது இராகு காலம். ஆயின் என்ன? கீழே ஒரு குழந்தை காத்திருக்கிறது.